கோடி கோடியாக வாங்குபவர்களுக்கு என்ன குறை?

கேள்வி: மேடம், நான் அட்லாண்டாவில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், எச்-1பி விசா. என் டீமில் கறுப்பினத்தவர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட வயதில் மூத்தவர். நான் வந்த புதிதில் வீடு பார்த்தது முதல் கார் வாங்கியது வரை கூடவே நின்றவர். போன மாதம் மதியச் சாப்பாட்டின்போது அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 2011-இல் சம்பளத் தகராறில் உரிமையாளர்கள் வீரர்களை ஆடவிடாமல் நிறுத்திய கதவடைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தத் தகராறில் நிறமும் இருந்தது என்றார். நான் சட்டென்று, "வருஷத்துக்கு அஞ்சு மில்லியன், பத்து மில்லியன் டாலர் வாங்குறவங்களுக்கு என்ன குறை? பணக்காரனுக்கும் அவனைவிடப் பெரிய பணக்காரனுக்கும் நடக்கிற சண்டை. இதுல நிறத்தை ஏன் இழுக்கணும்?" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதிலிருந்து வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் கேட்டதில் என்ன தவறு? அவர் புகார் கொடுப்பதற்கு முன்னால் நானே எச்.ஆரிடம் போய்ச் சொல்லிவிடட்டுமா? இல்லை, மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் அனுப்பட்டுமா? (பெயர் வேண்டாம், அட்லாண்டா)

பதில்:

தம்பி, அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எச்.ஆரிடம் போகாதீர்கள். மெயிலும் அனுப்பாதீர்கள். நேரில் பேச வேண்டியது இது, அதை எப்படிப் பேசுவது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்ட அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம், ஏனென்றால் அது புரியாமல் நீங்கள் மன்னிப்புக் கேட்டால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது, அது அவருக்கும் தெரிந்துவிடும்.

நான் சென்னையில் தொழிலாளர் தரப்பில் வழக்கு நடத்துகிற வக்கீல். பள்ளிக் காலத்திலிருந்து கூடைப்பந்து பார்க்கிறவள். என்.பி.ஏ.வின் சம்பளத் தகராறுகளை ஆட்டத்தைவிட அதிகமாகவே கவனித்திருக்கிறேன் என்று சொல்லலாம், தொழில் புத்தி அப்படி. ஒரு நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வரும்போது கணக்குப் புத்தகத்தோடு இன்னொன்றையும் கொண்டுவரும்: வெளியே இருக்கிற பொதுமக்களின் எரிச்சல். "இவ்வளவு வாங்குறாங்களே, இன்னும் என்ன வேணுமாம்?" வங்கி ஊழியர் வேலைநிறுத்தம் செய்தாலும் இதைத்தான் கேட்கிறோம், பஸ் ஓடாவிட்டாலும் இதைத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்வி ஊரில் எவ்வளவு சத்தமாக ஒலிக்கிறதோ அவ்வளவு கொஞ்சமாகக் கொடுத்தால் போதும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அமெரிக்கக் கூடைப்பந்தில் அந்த எரிச்சலுக்கு ஒரு நிறம் இருக்கிறது, அது உரிமையாளர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. உங்கள் நண்பர் சொல்ல வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் அன்று அவரிடம் சொன்ன வாக்கியம் அவர் வாழ்நாள் முழுக்க அப்படி எரிச்சல்படுகிற கூட்டத்திலிருந்து கேட்டுவருகிற வாக்கியம்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் நல்ல சம்பளம்தானே? ஊரில் உங்கள் அப்பா அம்மா கனவிலும் பார்த்திராத சம்பளம். ஆனாலும் மேனேஜர் அநியாயமாக ஒன்றைச் சொன்னால் உடனே மறுத்துப் பேச முடிகிறதா? வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி உங்களுக்காக மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும், கிரீன் கார்டு வரிசை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. சம்பளம் ஒரு விஷயம், நான் எங்கே இருக்க வேண்டும் என்பதை யார் முடிவுசெய்கிறார் என்பது வேறு விஷயம். இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கு ஒவ்வொரு மாதமும் தெரிகிறது. அந்த வீரர்கள் கதையும் உங்கள் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, இந்த ஒப்பீட்டை அவரிடம் போய்ச் சொல்லவும் சொல்லாதீர்கள். உங்களுக்குள் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்.பி.ஏ.வில் 1970கள் வரை ஒரு வீரரை ஒரு அணி தேர்ந்தெடுத்துவிட்டால் அவ்வளவுதான், அந்த அணி விடுகிற வரை அவர் வேறு எங்கும் ஆட முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் முடியாது. அணி அவரை வேறு ஊருக்கு மாற்றலாம், விற்கலாம். அவர் மட்டும் போக முடியாது. இது வெள்ளைக்கார வீரர்களுக்கும் இருந்த விதிதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் கொள்ளுத்தாத்தா விற்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு "உன்னை இன்னொரு அணிக்கு விற்றாயிற்று" என்பது எப்படிக் காதில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த விதியை உடைத்தவர் ஆஸ்கர் ராபர்ட்சன். 1965-இல் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். விளையாட்டிலோ கேளிக்கைத் துறையிலோ நாடு தழுவிய ஒரு சங்கத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. 1970-இல் அவர் பெயரில் வழக்குப் போட்டார்கள். போட்டி லீகான ஏ.பி.ஏ.வை என்.பி.ஏ. தன்னோடு இணைத்துக்கொள்ளப் பார்த்த நேரம் அது. இரண்டு லீக் இருந்தால்தான் வீரருக்குப் பேரம் பேச இடம் இருக்கும், இணைந்துவிட்டால் ஒரே கடை, ஒரே விலை. வழக்கு ஆறு வருஷம் ஓடி 1976-இல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு அணியோடு பேசலாம் என்ற உரிமை அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, எந்தத் தடையும் இல்லாமல் முழுசாகக் கிடைத்தது 1988-இல்தான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். 1971-இல் அமெரிக்க செனட்டில் இந்த இணைப்பைப் பற்றி விசாரணை நடந்தது. நடத்தியவர் சாம் எர்வின், வட கரோலினாக்காரர். பள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்று 1956-இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். அப்படிப்பட்டவரே இந்த விதிகளைக் கேட்டுவிட்டு, ஒரு மனிதன் வேறு இடத்தில் வேலை செய்யக்கூட முடியாதா என்று வீரர்கள் பக்கம் சாய்ந்தார். யார் எந்தப் பக்கம் நிற்பார் என்று நிறத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அதேபோல 1964 ஜனவரி 14. பாஸ்டன் கார்டன் மைதானத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டம், லீகின் சிறந்த வீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவது. வெளியே பனிப்புயல். ஆட்டத்தை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுவதாக ஏற்பாடு, லீகுக்கு அது பெரிய வாய்ப்பு. ஓய்வூதியம் தருகிறோம் என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்தவர்களுக்கு அன்று வீரர்கள் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்ததுதான் பதில். சங்கத் தலைவர் டாம் ஹைன்சன் வெள்ளையர். உள்ளே பில் ரசல், ஆஸ்கர் ராபர்ட்சன், வில்ட் சேம்பர்லின், எல்ஜின் பெய்லர், ஜெர்ரி வெஸ்ட் என்று எல்லா நிறத்திலும் ஆட்கள். எல்லோரும் ஒரே மனதாக இருக்கவில்லை, ஆடிவிடலாம் என்றவர்களும் உண்டு. லேக்கர்ஸ் முதலாளி பாப் ஷார்ட் ஒரு ஆளை அனுப்பி, தன் அணி வீரர்களான பெய்லரும் வெஸ்டும் உடனே வெளியே வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டினார். பெய்லர் சொல்லியனுப்பிய பதிலை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. அந்த மிரட்டல் வந்ததும் தயங்கியவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கடைசியில் லீகின் தலைவர் வால்டர் கென்னடி ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்த பிறகே ஆட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத இந்த வேலைநிறுத்தம்தான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் முதல் படி.

அந்த அறையில் இருந்தவர்களில் பெய்லர் 1959-லேயே மேற்கு வர்ஜீனியாவில் ஒரு ஹோட்டல் தனக்கு அறை தர மறுத்ததால் அன்றைய ஆட்டத்தில் ஆடாமல் உட்கார்ந்தவர். ரசலும் செல்டிக்ஸ் அணியின் மற்றக் கறுப்பின வீரர்களும் 1961-இல் கென்டக்கியில் சாப்பாடு மறுக்கப்பட்டதும் விமானம் ஏறித் திரும்பியவர்கள். அன்று அவர்களுடைய வெள்ளை சகாக்கள் அதே ஊரில் ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். ஆக, "இன்று ஆட மாட்டேன்" என்று சொல்லத் தெரிந்தவர்கள் அந்த அறையில் ஏற்கெனவே இருந்தார்கள், ஹோட்டல் வாசலில் கற்ற பாடத்தைத்தான் ஓய்வூதியத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஸ்பென்சர் ஹேவுட் என்று ஒருவர். மிசிசிப்பியில் பருத்தி பறித்த குடும்பம், தானும் சிறுவயதில் பறித்தவர். 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பள்ளி முடித்து நாலு வருஷம் ஆகாமல் என்.பி.ஏ.வில் ஆடக்கூடாது என்று ஒரு விதி. அந்த நாலு வருஷமும் கல்லூரிக்குச் சம்பளமில்லாமல் ஆட வேண்டும், கல்லூரி டிக்கெட் விற்றுக்கொள்ளும். ஹேவுட் சியாட்டில் அணியில் சேர்ந்து வழக்காடினார், 1971-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். வழக்கு நடந்த காலத்தில் வெளியூர் மைதானங்களில் "சட்டவிரோத ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் இருக்கிறார்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததாகவும், கூட்டத்திலிருந்து பொருள்களை வீசியதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் அவர் எதிர்த்து நின்றது உரிமையாளர்களை. மைதானத்தில் அவரை எதிர்த்து நின்றது டிக்கெட் வாங்கி வந்தவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நான் முதலில் சொன்னேன்.

உடனே நீங்கள் கேட்பீர்கள், வெள்ளை வீரர்கள் நிறைந்த விளையாட்டில் கதவடைப்பே நடந்ததில்லையா என்று. நடந்தது. ஐஸ் ஹாக்கியில் பெரும்பாலும் வெள்ளையர்கள், அங்கே 2004-05-இல் ஒரு சீசன் முழுசையும் ரத்து செய்தார்கள், ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. ஆகையால் கதவடைப்பு என்பதே நிறவெறி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவை இழுத்துப் பூட்டுவது முதலாளியின் பழைய ஆயுதம், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் பூட்டுவார். இந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி.

ஆனால் கூடைப்பந்தில் அதோடு நிற்கவில்லை. 2005-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நவம்பரில் டெட்ராய்ட் அருகே ஓர் ஆட்டத்தில் வீரர்களும் ரசிகர்களும் அடித்துக்கொண்டார்கள், பெரிய களேபரம். அடுத்த வருஷமே புதிய ஒப்பந்தத்தில் 19 வயதாகாதவர் சேரக்கூடாது என்ற விதி. ஹாக்கியில் 18 வயதுப் பையன் வரலாம், பேஸ்பாலில் பள்ளி முடித்ததும் ஒப்பந்தம் போடலாம், டென்னிஸில் இன்னும் சின்னப் பிள்ளைகள் பரிசுப் பணம் வாங்குகிறார்கள், அங்கெல்லாம் 19 வயது வரை காத்திருக்கச் சொல்லவில்லை. இந்தியானா அணியின் ஜெர்மைன் ஓநீல், இதில் நிறம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே வருஷம் உடைக் கட்டுப்பாடும் வந்தது: மைதானத்துக்கு வரும்போது தொப்பி கூடாது, சட்டைக்கு மேல் சங்கிலி கூடாது, உள்ளே கறுப்புக் கண்ணாடி கூடாது, கையில்லாச் சட்டை கூடாது. ஓநீலின் சக வீரர் ஸ்டீபன் ஜாக்சன், சங்கிலித் தடை இளம் கறுப்பின ஆண்களைக் குறிவைத்தது என்றார். ஒரு கம்பெனி தன் ஊழியருக்கு உடை விதி வைக்கலாம், சட்டப்படி அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள், அது எந்தத் தெருவில் வளர்ந்த பையனின் உடை என்று அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும். யாரைச் சமாதானப்படுத்த இந்த விதி? டிக்கெட்டும் விளம்பரமும் வாங்குகிற கூட்டத்தை.

அந்தக் கூட்டத்தை மனதில் வைத்துத்தான் உரிமையாளர்கள் நினைக்கிறார்கள் என்பதற்கு உங்கள் ஊரிலேயே எழுத்தில் சாட்சி இருக்கிறது. அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் உரிமையாளர் புரூஸ் லெவன்சன் 2012-இல் தன் அலுவலகத்துக்கு எழுதிய மெயில் 2014-இல் வெளியே வந்தது. மைதானத்தில் கறுப்பின ரசிகர்கள் அதிகம், ஆடும் பெண்கள் கறுப்பு, பாட்டெல்லாம் ஹிப்-ஹாப், இதனால்தான் வெள்ளைக்கார ரசிகர்கள் வராமல் விலகுகிறார்கள் என்பது என் கணிப்பு என்ற பாணியில் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு அணியை விற்றுவிட்டுப் போனார். உங்கள் நண்பர் அட்லாண்டாக்காரர், இது அவருக்குச் செய்தித்தாள் சமாசாரம் கிடையாது, தான் உட்கார்ந்து பார்த்த மைதானத்தைப் பற்றி அதன் முதலாளி எழுதியது.

சரி, 2011-க்கு வருவோம். ஜூலை 1-ஆம் தேதி பூட்டினார்கள், 161 நாள், 82 ஆட்டங்கள் கொண்ட சீசன் 66 ஆனது. உரிமையாளர்கள் சொன்ன காரணம் நஷ்டம்: 30 அணிகளில் 22 நஷ்டத்தில் ஓடுகின்றன, போன சீசனில் மட்டும் சுமார் 300 மில்லியன் போயிற்று என்றார்கள். கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் வீரர்களுக்கு 57 சதவீதம் போய்க்கொண்டிருந்தது, அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மொத்த வருமானம் ஆண்டுக்கு நாலு பில்லியனைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம், ஏழு சதவீதம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், சொல்லப்பட்ட நஷ்டம் கிட்டத்தட்ட முழுசும் வீரர்கள் பையிலிருந்தே ஈடுகட்டப்பட்டது. நஷ்டத்துக்கு மேனேஜ்மென்ட் எடுத்த முடிவுகளும் காரணம் என்றால் அதன் பாரத்தையும் தொழிலாளியே சுமந்தார். மூன்று வருஷம் கழித்து 2014-இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி 2 பில்லியன் டாலருக்கு விலைபோனது. டொனால்டு ஸ்டெர்லிங் 1981-இல் அதை வாங்கிய விலை 12.5 மில்லியன். அதே 2014-இல் தொலைக்காட்சி ஒப்பந்தம் 9 வருஷத்துக்கு 24 பில்லியன். அணியின் மதிப்பு ஏறுவது உரிமையாளருக்கு மட்டும்தான், அந்த இரண்டு பில்லியனில் கிளிப்பர்ஸ் வீரர் எவருக்கும் பங்கு கிடையாது. "கோடி கோடியாக வாங்குபவனுக்கு என்ன குறை" என்று ஸ்டெர்லிங்கை யாராவது கேட்டார்களா? அந்தக் கேள்வி ஏன் எப்போதும் வியர்வை சிந்துகிற பக்கத்தை மட்டும் பார்த்துக் கேட்கப்படுகிறது? வீரர்களில் பெரும்பகுதி கறுப்பினத்தவர், உரிமையாளர்கள் ஒன்றிரண்டு பேர் தவிர வெள்ளையர்கள் என்ற நிலையில் இந்தக் கேள்வி தற்செயலாக ஒரே பக்கம் திரும்புகிறது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த அக்டோபரில் தொலைக்காட்சியில் செய்தியாளர் பிரயன்ட் கம்பல், லீகை நடத்துகிற கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் ஒரு நவீனத் தோட்டக் கங்காணியைப் போல நடந்துகொள்கிறார் என்று சொன்னதுதான் பெரிய புயலைக் கிளப்பியது. உங்கள் நண்பர் மனதில் இருந்தது அநேகமாக இதுதான். கம்பல் சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. கறுப்பினத்தவரான முன்னாள் வீரர் சார்லஸ் பார்க்லியே அதை முட்டாள்தனம் என்றார், உண்மையில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு அது அவமரியாதை என்றார், அதில் நியாயம் இருக்கிறது. ஸ்டெர்ன் காலத்தில் கறுப்பினப் பயிற்சியாளர்களும் நிர்வாகிகளும் மற்ற லீகுகளைவிட இங்கே அதிகம் வந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே பேச்சுவார்த்தையில் ஸ்டெர்ன் விரலை நீட்டிப் பேசியபோது டுவேய்ன் வேட், என்னைப் பார்த்து விரல் நீட்டாதீர்கள், நான் உங்கள் பிள்ளை இல்லை என்கிற மாதிரி சீறியதாகச் செய்தி வந்தது. எத்தனையோ பேச்சுவார்த்தை மேசைகளில் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன். சதவீதத்தில் தோற்றால் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று தொழிலாளி பொறுத்துப்போவார், விரலைப் பொறுக்க மாட்டார். வளர்ந்த கறுப்பின ஆணைப் பையன் என்று கூப்பிடுவதே வழக்கமாக இருந்த நாட்டில் அந்த விரலுக்கு எடை இன்னும் அதிகம்.

மைக்கேல் ஜோர்டனைச் சொல்லாமல் விட்டால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசியதாகும். 1998 கதவடைப்பில், நஷ்டம் என்று அழுத வாஷிங்டன் முதலாளி ஏப் போலினிடம், லாபம் பார்க்கத் தெரியாவிட்டால் அணியை விற்றுவிடுங்கள் என்று நேருக்கு நேர் சொன்னவர் அவர். 2010-இல் சார்லட் அணியை வாங்கினார். அடுத்த வருஷமே, வீரர்களுக்கு இன்னும் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த உரிமையாளர்களில் ஒருவராக அவர் பெயர் வந்தது. நாற்காலி மாறினால் பேச்சு மாறும். இது பணமும் அதிகாரமும் செய்கிற வேலை, நிறத்தின் வேலை இல்லை. இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும், ஒன்றைச் சொல்வதால் மற்றது இல்லை என்று ஆகாது.

உங்கள் நண்பருக்கு 2011-ஐ விட நெருக்கமாக இருக்கக்கூடியது 2020. ஆகஸ்ட் 23-ஆம் தேதி விஸ்கான்சினில் கெனோஷா என்ற ஊரில் ஜேக்கப் பிளேக்கை போலீஸ் பின்னாலிருந்து சுட்டது. மூன்றாம் நாள் மில்வாக்கி பக்ஸ் அணிக்குப் பிளே-ஆஃப் ஆட்டம். கொரோனா காலம், எல்லா அணிகளையும் ஒர்லாண்டோ பக்கத்தில் டிஸ்னி வளாகத்துக்குள் அடைத்து வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரணி களத்தில் தயாராக நிற்கிறது, கடிகாரம் ஓடுகிறது, பக்ஸ் வீரர்கள் அறையை விட்டு வரவில்லை. உள்ளே அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? விஸ்கான்சின் அட்டர்னி ஜெனரலிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள், இந்த வழக்கில் என்ன நடக்கும், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று. அந்த அறையில் இருந்த ஸ்டெர்லிங் பிரவுனை 2018-இல் மில்வாக்கி போலீசே கார் நிறுத்திய விஷயத்துக்காகத் தரையில் தள்ளி மின்அதிர்ச்சி கொடுத்திருந்தது, அவரும் அந்த ஊர் அணியில் கொழுத்த சம்பளம் வாங்கியவர்தான். பத்திரிகைகள் அதைப் புறக்கணிப்பு என்று எழுதின. சட்டப்படி அது வேலைநிறுத்தம். ஒப்பந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று சங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஆகவே உரிமையாளர்கள் நினைத்திருந்தால் நடவடிக்கை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மூன்று நாள் ஆட்டம் நின்றது, மைதானங்களைத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியாகத் திறந்துவிடுவது உட்படச் சிலவற்றுக்கு ஒத்துக்கொண்ட பிறகு மறுபடி ஆடினார்கள். 1964-இல் கேட்டது ஓய்வூதியம். 2020-இல் சம்பள விஷயமாக எதுவுமே கேட்கவில்லை. இது நிறத்தைப் பற்றியது இல்லை, பணத்தைப் பற்றியது என்று இதைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அதே கோடையில் உங்கள் ஊர்ப் பெண்கள் அணி அட்லாண்டா டிரீம் செய்தது இதைவிடத் துணிச்சலானது என்பேன், ஏனென்றால் அவர்களுடைய சம்பளம் ஆண்கள் வாங்குவதில் ஒரு துளிகூட இல்லை. அணியின் இணை உரிமையாளர் செனட்டர் கெல்லி லெஃப்லர், கறுப்பின உயிர்களுக்காக நடந்த இயக்கத்தை லீக் ஆதரிக்கக் கூடாது என்று கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். வீராங்கனைகள் அவருக்கு எதிராகத் தேர்தலில் நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று எழுதிய சட்டையை அணிந்து மைதானத்துக்கு வந்தார்கள், மற்ற அணிகளும் சேர்ந்துகொண்டன. 2021 ஜனவரியில் லெஃப்லர் தோற்றார், பிப்ரவரியில் அணி கைமாறியது, வாங்கியவர்களில் ஒருவர் அதே அணியில் ஆடிய ரெனே மாண்ட்கோமரி. தனக்குச் சம்பளம் கொடுப்பவரையே தேர்தலில் எதிர்த்துச் சட்டை போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று விசாவில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

எச்.ஆர். ஏன் வேண்டாம் என்றால், அவர் புகார் கொடுக்கவில்லை. நீங்கள் போய்ச் சொன்னால் அவர் கேட்காமலேயே அவரை ஒரு விவகாரத்தில் மாட்டிவிடுகிறீர்கள், அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், எழுதி வைப்பார்கள். அலுவலகத்தில் நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்த ஆள் என்று குறிக்கப்படப்போவது அவர்தான். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவரை முன்னால் தள்ளியதாகவே அவர் எடுத்துக்கொள்வார், அது சரியும்கூட. மெயிலும் இதே கதைதான். கம்பெனி சர்வரில் உட்காரும், பதில் எழுதியாக வேண்டிய கட்டாயத்தில் அவரை வைக்கும். ஆனால் அவராகப் புகார் கொடுத்து உங்களைக் கூப்பிட்டால் சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம்.

நேரில், தனியாக, இரண்டு நிமிஷத்தில் முடிகிற மாதிரி பேசுங்கள். கார் நிறுத்துமிடம் வரை கூட நடந்து போகும்போது போதும். "அன்னைக்கு நீங்க ஒண்ணு சொல்ல வந்தீங்க, அதைக் கேக்காம நான் அடிச்சுப் பேசிட்டேன். சம்பளம் அதிகம்னா மத்ததெல்லாம் பெரிசில்லைங்கிற மாதிரி பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க. எப்பவாவது சொல்லத் தோணினா கேக்க எனக்கு ஆசை." இந்த அர்த்தம் வந்தால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். "நான் நிறவெறி பிடித்தவன் இல்லை" என்று தொடங்காதீர்கள், பேச்சு உங்களைப் பற்றியதாக ஆகிவிடும். இங்கே படித்ததை எடுத்துக்கொண்டு போய் ராபர்ட்சன், ஹேவுட் என்று அவருக்கே பாடம் எடுக்காதீர்கள், உங்களுக்கு முன்பே அவருக்கு அதெல்லாம் தெரியும். ஊரில் எங்களுக்கும் இந்த மாதிரி இருக்கிறது என்று உடனே சமன் செய்யவும் வேண்டாம். ஹாக்ஸ் டிக்கெட் வாங்கி நீட்டுவது அறவே வேண்டாம்.

அவர் பேசினால் கேளுங்கள், குறுக்கே போகாமல் கேளுங்கள். அவர் சொல்வதில் உங்களுக்கு ஒப்பாத இடம் இருந்தால் அதை இன்னொரு நாள் சொல்லலாம். அந்த ஐஸ் ஹாக்கி விஷயம் எனக்கும் தோன்றியதுதான், நண்பர்களுக்குள் அதைப் பேச இடம் உண்டு. ஆனால் முதல் நாளே பேச வேண்டிய விஷயம் இல்லை. அவர் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு விலகியே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மறுபடி மறுபடி போய் நின்று சமாதானம் கேட்டால் உங்கள் மனசை ஆற்றுகிற வேலையையும் அவர் தலையில் கட்டுவதாக ஆகும். வேலையில் அவருக்குச் செய்ய வேண்டியதை நேரத்துக்குச் செய்யுங்கள், மீட்டிங்கில் அவர் பேசும்போது யாராவது குறுக்கிட்டால் "அவர் முடிக்கட்டும்" என்று சொல்லுங்கள், சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இடம் இருக்கட்டும்.